"தரமான"னு எழுதினா ஏன் யாரும் வாங்க மாட்டேங்குறாங்க? விற்பனை எழுத்து கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே சின்ன தொழில் பண்றவங்க கிட்ட இருந்து, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

மரச்செக்கு போட்டு எட்டு மாசம் ஆகுது. "100% தூய, தரமான, பாரம்பரிய நல்லெண்ணெய்"னு தினமும் ஸ்டேட்டஸ் போடறேன். விலை கேட்டுட்டு, கடையில கம்மியா கிடைக்குதேன்னு போயிடறாங்க. (காங்கேயம் பக்கம் ஒரு தம்பி)

தம்பி, தூய, தரமான, பாரம்பரியன்னு மில்லு எண்ணெய் பாக்கெட்லயும் தான் போட்டிருக்கு, வார்த்தை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா அப்புறம் வாங்குறவங்க கண்ணுக்கு தெரியிற ஒரே வித்தியாசம் விலை மட்டும் தான, அவங்க மேல தப்பே இல்ல. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு சுமாரா ரெண்டரை கிலோ எள்ளு போகும்னு உங்களுக்கு தெரியும், அபார்ட்மெண்ட்ல உக்காந்து போன் பாக்குறவங்களுக்கு தெரியாது. அத சொன்னா எள்ளு விலைய அவங்களே கணக்கு போட்டுக்குவாங்க. இப்படி எழுதிப் பாருங்க:

"இன்னிக்கு காலைல 25 கிலோ எள்ளு ஆட்டினோம், கூட கருப்பட்டி. வாகை மரச்செக்கு. 10 லிட்டர் கிடைச்சுது. வெயில்ல வச்சு தெளிய விட்டு தான் ஊத்துவோம், அப்பவும் பாட்டில் அடியில கொஞ்சம் மண்டி நிக்கும்."

நம்பர் உங்க செக்குல நிஜமா வர்றதா இருக்கணும், என்னோடத அப்படியே போட்டுடாதீங்க. அந்த மண்டி வரிய எடுத்துடலாமான்னு கேப்பீங்க, எடுக்காதீங்க. குறைய நீங்களே முன்னாடி சொல்லிட்டா மத்ததையும் நம்புவாங்க, பாட்டில் போனதுக்கு அப்புறம் "என்ன அழுக்கா இருக்கு"ன்னு போனும் வராது.

கருப்பு கவுனி கஞ்சி மாவு விக்கிறேன். "சர்க்கரை நோய் குணமாகும்"னு போடலாமா? எல்லாரும் போடறாங்களே.

போடவே கூடாதுங்க. 1954-ல வந்த மருந்து, மாய நிவாரண விளம்பர சட்டத்துல சர்க்கரை நோய குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றதுக்கு தடை இருக்கு, அதோட 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல தப்பா வழிகாட்டுற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், மறுபடி பண்ணினா 50 லட்சம் வரைக்கும். சட்டத்த விடுங்க, உங்க வரிய நம்பி ஒருத்தர் மாத்திரைய நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க, எனக்கு அத நெனச்சாலே பதறுது. கவுனி அரிசிய ராத்திரியே ஊற வைக்கணும்ங்கிற ஒரு வேலை இருக்குல்ல, அதுக்கு பயந்து தான் பாதி பேர் வீட்ல அத வாங்குறதே இல்ல. உங்க மாவுல அந்த வேலை இல்ல. அத எழுதுங்க, கஞ்சி கொதிக்கும்போது வர்ற ஊதா கலர போட்டோ எடுத்து போடுங்க.

"இன்னும் 2 பீஸ் தான் இருக்கு"ன்னு போட்டா சீக்கிரம் விக்குமாமே?

நிஜமாவே 2 தான் இருந்தா போடுங்க. பொய்யா அவசரப்படுத்துறத 2023 நவம்பர்ல மத்திய அரசு கொண்டு வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குறவங்கள ஏமாத்தி வாங்க வைக்கிற தந்திரம்) வழிகாட்டுதல்லயே தப்புன்னு சொல்லியாச்சு.

விலைய போடாம "இன்பாக்ஸ் வாங்க"ன்னு போடறது நல்லதா?

இல்ல. விலை கேக்கவே கூச்சப்பட்டு போறவங்க நெறைய பேர். போட்டுடுங்க.

ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கிறேன், எனக்கு எழுதவே வராது. (மதுரை அக்கா)

அக்கா, நீங்க எழுதவே வேணாம், கஸ்டமர் ஏற்கனவே எழுதி குடுத்திருக்காங்க. வாட்ஸப்ப திறந்து கடைசியா ஆர்டர் குடுத்த 20 பேரோட வாய்ஸ் நோட்ட கேளுங்க, முதல்ல என்ன கேட்டாங்கன்னு ஒரு நோட்டுல அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. "எந்த தேதிக்கு கைக்கு வரும்", "கை டைட்டா இருக்குமா", "அளவு பிளவுஸ் குடுத்தா போதுமா", "டைட்டானா அப்புறம் பிரிச்சுக்கலாமா". டிசைன பத்தி கேக்குறவங்கள விட தேதிக்கு பயப்படுறவங்க தான் அதிகமா இருப்பாங்க, ஏன்னா முன்னாடி வேற யார் கிட்டயோ குடுத்து கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அலைஞ்சிருப்பாங்க. நானும் ஆரம்பத்துல ஒரு தையல் கடைக்கு "கைவண்ணத்தின் உச்சம்"னு எல்லாம் எழுதி குடுத்தவன் தான், ஒரு போன் கூட வரல, அந்த கடைக்காரம்மா முகத்த பாக்கவே கஷ்டமா போச்சு. உங்களுக்கு இது போதும்:

"வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுக்கறோம். கல்யாணத்துக்கு 10 நாள் முன்னாடி பிளவுஸ் உங்க கையில. அளவு பிளவுஸ் ஒண்ணு குடுத்தா போதும். உள்ள ஒன்றரை இஞ்ச் துணி விட்டு தைக்கிறோம், டைட்டானா அப்புறம் பிரிச்சுக்கலாம்."

10 நாள் முடியாதுன்னா 5 நாள்னு போடுங்க, போட்டத காப்பாத்துங்க.

தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பினா காசு அதிகமா போகுதே, ஏன்?

இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70 தான், 71-வது எழுத்து வந்தா ரெண்டு எஸ்எம்எஸ் காசு. அதுலயும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா எண்ணும், "தீபாவளி"ங்கிறது நமக்கு 4 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்குல 7. "தீபாவளி நல்வாழ்த்துகள்"னு ஆரம்பிச்சீங்கன்னா அங்கயே 22 போச்சு. வாழ்த்த வாட்ஸப்ல சொல்லிக்கலாம், எஸ்எம்எஸ்ல பொருள், விலை, கடைசி தேதி மூணு மட்டும் வைங்க. டிஎல்டில (வியாபார எஸ்எம்எஸ் அனுப்புறதுக்கு முன்னாடி பதிவு பண்ற தளம்) டெம்ப்ளேட், அதாவது எஸ்எம்எஸ் மாதிரி வாசகம், ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடியே எண்ணிப் பாத்துடுங்க, அப்புறம் மாத்தணும்னா மறுபடி அப்ரூவல் வாங்கணும்.