கிளாக் 19: முதலில் சைட்டுகளை மாற்றுங்கள்

உங்கள் கிளாக் 19 கைத்துப்பாக்கியின் பிளாஸ்டிக் சைட்டுகள் (குறிபார்க்கும் பாகங்கள்), கைடு ராடு (குழலுக்குக் கீழே உள்ள ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பி) ஆகியவற்றுள் எதை முதலில் எஃகுக்கு மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். சைட்டுகளையே மாற்றுங்கள். ஆலையில் பொருத்தி வரும் பிளாஸ்டிக் சைட்டுகள் உறையில் உரசித் தேய்வதுடன், பின்சைட்டை இடுப்புப் பட்டையில் மாட்டி ஒரே கையால் ஸ்லைடை (முன்பின் நகரும் மேல்பாகம்) இழுக்க நேர்ந்தால் சிதையவும் கூடும். எஃகு இவ்விரண்டையும் தாங்கும். மாற்றியபின் இலக்கில் சுட்டுச் சரிபார்ப்பது அவசியம்.

கைடு ராடு வளைந்துவிடும் என்ற அச்சம், என் கருத்தில், விற்பவர்கள் ஊதிப் பெருக்கியது. எஃகு ராடால் முன்பக்கம் சற்றுக் கனக்கும், அவ்வளவே. அப்படியும் வாங்குவதானால், மூன்றாம் தலைமுறையின் ஒற்றை ஸ்பிரிங் அமைப்பு, இரட்டை ஸ்பிரிங் கொண்ட நான்காம் தலைமுறை ஸ்லைடில் நேரடியாகப் பொருந்தாது என்பதைக் கவனியுங்கள். இந்தத் துப்பாக்கியைப் பிரிக்க விசையை அழுத்தியாக வேண்டும் என்பதால், அதற்குமுன் மேகசினை (தோட்டாக்கள் அடங்கிய பெட்டி) எடுத்துவிட்டு, குழலின் தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள்.