இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குதிரை
வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. இரண்டு ஆண்டுகளாகக் குதிரையேற்றம் கற்றுவருகிறாள். அவளுக்கென ஒரு குதிரை வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, ராஜஸ்தானில் பாலோத்ரா அருகே ஆறு வயது மார்வாரிப் பெண் குதிரை ஒன்று விலைக்கு இருப்பதாக ஒரு தரகர் காணொளி அனுப்பினார். விலை மூன்றரை லட்சம். ஐம்பதாயிரம் முன்பணம் அனுப்பினால் லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடுவதாகவும், புனேயிலிருந்து இன்னொருவர் அதே குதிரையைக் கேட்பதாகவும் சொல்கிறார். என் மனைவியோ, நரியைப் பரியாக்கிய கதையாகிவிடும் என்கிறார். முன்பணம் அனுப்பலாமா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: அனுப்ப வேண்டாம். குதிரை நல்லதாகவே இருக்கலாம், தரகரும் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் நீங்கள் இதுவரை பார்த்திருப்பது, விற்க விரும்பும் ஒருவர் தேர்ந்தெடுத்துக் காட்டிய ஓரிரு நிமிடக் காட்சியை மட்டுமே. புனேக்காரரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் விசாரித்த ஏறக்குறைய எல்லாக் குதிரைகளுக்கும் அப்படி ஒருவர் எங்காவது ஓர் ஊரில் காத்திருந்தார்.

உங்கள் மனைவி நினைவூட்டிய திருவிளையாடலில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. குதிரை வணிகனாக வந்த இறைவன், குதிரைகளைக் கயிறு மாற்றிப் பாண்டியனிடம் ஒப்படைக்கிறார். கயிறு கைமாறிய பிறகு குதிரையின் குறைநிறைகளுக்கு வாங்கியவரே பொறுப்பு என்பது அந்த வணிகத்தின் வழக்கு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் பொதுவாக இதே நிலையில்தான் நிற்கிறது. இன்ன தேவைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்கியது போன்ற சில சூழல்களில் விதிவிலக்கு உண்டென்றாலும், பாலோத்ராவில் நடந்த விற்பனைக்காகக் கோபியிலிருந்து வழக்காடும் செலவு குதிரையின் விலையை விழுங்கிவிடும். எனவே, “பதினைந்து வயதுப் பெண் சவாரி செய்வதற்காக வாங்கப்படுகிறது, நொண்டல், கண் நோய், காற்று விழுங்கும் பழக்கம், உதைக்கும் அல்லது கடிக்கும் குணம் எதுவும் இல்லை” என்று விற்பவரே முத்திரைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே பணம் கைமாற வேண்டும். எழுதத் தயங்குபவர் எந்தச் சொல்லில் தயங்குகிறார் என்று பாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நேரில் போய்ப் பாருங்கள். உங்களுக்கும் மகளின் பயிற்சியாளருக்கும் ஆகும் பயணச் செலவு, மருத்துவருக்கான கட்டணம் ஆகியவற்றைக் குதிரையின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட்டு, அந்தத் தொகைக்கு உங்கள் கை எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவர் உங்களிடம் கூலி பெறுபவராக இருக்க வேண்டும். விற்பவர் அழைத்துவரும் மருத்துவர் எவ்வளவு திறமையானவராயினும் அவர் அன்று உங்கள் மருத்துவர் அல்லர். பிகானேரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும், ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் கிளை வளாகமும் இருப்பதால், அவற்றின் வழியாக அப்பகுதியில் குதிரை பார்த்துப் பழகிய ஒருவரை விசாரிக்கலாம். ராணுவத்தின் குதிரைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

புறப்படும் முன் இன்னொரு காணொளி கேளுங்கள். நடுவில் வெட்டாமல் எடுக்கப்பட்ட அந்த ஒரே காட்சியில் குதிரை சேணமில்லாமல் கெட்டித் தரையில் நிற்க வேண்டும். உங்களை விட்டு விலகியும் உங்களை நோக்கியும் நடந்து, பிறகு மெல்லோட்டமாக ஓடவேண்டும். வாயைத் திறந்து பற்களைக் காட்ட வேண்டும். மைக்ரோசிப் இருந்தால் அதைக் கருவியால் படித்து எண்ணைக் காட்ட வேண்டும். மணலில் ஓடும் குதிரையின் நொண்டல் கண்ணுக்கு எளிதில் தெரியாது. இதைத் தர மறுப்பவர் உங்களுக்கு ரயில் கட்டணத்தை மிச்சப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே லாயத்துக்குள் நில்லுங்கள். வேலை வாங்கப்படாமல், உடம்பு சூடேறாமல் நிற்கும் குதிரையின் கால்களைக் குளம்பிலிருந்து மேல்நோக்கித் தடவிப் பார்த்தால், எந்த மூட்டு சூடாக இருக்கிறது, எந்தத் தசைநாண் தடித்திருக்கிறது என்பது கைக்கே தெரியும். நீங்கள் வருவதற்குள் ஓட்டிக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தால், மாலையில் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வலிநிவாரணி ஊசி நொண்டலை மறைக்கும்; மயக்க மருந்தின் சிறு அளவு துடிப்பான குதிரையைச் சாதுவாக்கிக் காட்டும். இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மருத்துவரைக் கொண்டு இரத்த மாதிரி எடுத்து, பின்னால் ஐயம் எழுந்தால் மருந்துப் பரிசோதனைக்கு அனுப்ப வைத்திருப்பதாக விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னவுடன் சிலர் வேறு ஒரு நாளுக்கு வரச் சொல்வார்கள்.

ஆறு வயது என்பதைப் பற்களே சொல்லும். நிலையான முன்பற்களில் நடு இணை இரண்டரை வயதிலும், அடுத்த இணை மூன்றரையிலும், கடைசி இணை நாலரையிலும் முளைத்து, ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். ஆறு வயதுக்குப் பக்கத்தில் கீழ்த்தாடையின் நடுப்பற்களிலுள்ள குழி தேய்ந்து மறையத் தொடங்கும். மேல்தாடையின் கடைசி முன்பல்லில் ஈறை ஒட்டி ஒரு பழுப்பு நிறப் பள்ளக்கோடு தெரிந்தால், குதிரைக்கு வயது பத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் கோடு பல்லின் பாதி நீளத்தை எட்டியிருந்தால் பதினைந்து. நடுத்தர வயதைத் தாண்டிய குதிரையை ஆறு வயது என்று விற்பது சந்தையில் புதிதல்ல. பெண் குதிரை என்பதால் சினையா என்பதையும் மருத்துவர் பார்க்கட்டும்.

இனத்தைப் பற்றியும் ஒரு சொல். உட்புறமாக வளைந்து நுனிகள் தொட்டுக்கொள்ளும் காதுகளைப் பார்த்து மயங்காதவர் இல்லை, நானும் விதிவிலக்கல்லன். ஆனால் மார்வாரி, சிறு அசைவுக்கும் விரைந்து எதிர்வினை காட்டும் குதிரை. எனவே முதலில் உரிமையாளரோ அவருடைய ஆளோ ஏறிக் காட்டட்டும், பிறகு பயிற்சியாளர் ஏறட்டும், இருவரும் இறங்கிய பின்னரே உங்கள் மகள் ஏறட்டும். மற்ற குதிரைகளின் கண்ணில் படாத தொலைவுக்குத் தனியாகப் போகிறதா, லாரி கடக்கும்போது நிற்கிறதா என்பதைத் தார்ச்சாலை ஓரத்தில் பாருங்கள். உரிமையாளர் ஏற மறுக்கும் குதிரையில் உங்கள் மகளை ஏற்றாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை: அந்தியூர் உங்கள் ஊருக்கு மிக அருகில் அல்லவா இருக்கிறது? ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வருகின்றன. விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் வேறொருவர் செலவிலும் வேறொருவர் பொறுப்பிலும் நெடும்பயணத்தைக் கடந்துவிட்ட குதிரையை அங்கே நீங்கள் பார்க்கிறீர்கள். ராஜஸ்தானுக்கே போவதென்றாலும், பாலோத்ராவுக்கு அருகிலுள்ள தில்வாடாவில் மார்ச், ஏப்ரல் வாக்கில் மல்லிநாத் கால்நடைச் சந்தை கூடும்போது போனால், ஒரே குதிரைக்காக அல்லாமல் பல குதிரைகளைப் பார்த்துத் திரும்பலாம்.

கேள்வி: மகாராஷ்டிரத்தின் சாரங்கேடா சந்தையில் ஒரு குதிரையைப் பேசி முடித்துவிட்டேன். இரண்டே நாளில் திருநெல்வேலியில் இறக்கிவிடுவதாக லாரிக்காரர் சொல்கிறார். நம்பலாமா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: அவர் சொன்னபடி இறக்கிவிடுவார், அதுதான் எனக்குக் கவலை. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், குதிரை ஏற்றிய வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. பயணம் செய்யத் தகுதியுள்ளது என்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழும், கூடவே பயணம் செய்யும் ஓர் ஆளும் வேண்டும். குதிரைகளுக்கு இடையே மூங்கில் தடுப்பும், பக்கங்களில் மெத்தையும் இருக்க வேண்டும். எதிர்வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். சாரங்கேடாவிலிருந்து திருநெல்வேலிக்கான தொலைவை 35ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு நாள் என்பது இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் போதாத கணக்கு என்பது தெரியும்.

வேகத்தைவிடக் கொடியது தலையைத் தூக்கிக் கட்டுவது. குதிரை தலையைத் தாழ்த்தும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வடிகின்றன. தலையைத் தாழ்த்த முடியாமல் பல மணி நேரம் நிற்கும் குதிரைக்கு நுரையீரலில் கிருமித் தொற்று ஏற்பட்டு, வீடு வந்து சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளில் காய்ச்சல் காணும். ஆகவே நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிழலில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தவிட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும். இரவில் இறக்கி ஓய்வு தர வேண்டும். வழியில் தண்ணீரின் சுவை மாறினால் சில குதிரைகள் குடிக்க மறுக்கும் என்பதால், புறப்படும் ஊரிலிருந்தே இரண்டு கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாரங்கேடா சந்தை டிசம்பரில் கூடுவதால் வெயில் தொல்லை உங்களுக்குக் குறைவு. இதே பயணத்தை மே மாதத்தில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

கேள்வி: பிடித்துப்போன குதிரைக்குச் சுழி சரியில்லை என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.
(வாசகர், தேனி)

பதில்: சுழி என்பது மயிர் வளரும் திசை. அதனால் குதிரையின் நலமோ வீட்டாரின் நலமோ மாறுவதாக என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. வடக்கேயும் இந்த நம்பிக்கை உறுதியாக இருப்பதால் சுழி தவறிய நல்ல குதிரை சில நேரம் மலிவாகக் கிடைக்கும். திரும்ப விற்கும்போது நீங்களும் மலிவாகத்தான் விற்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பார்க்க வேண்டிய இடம் குளம்பு.

கேள்வி: எங்கள் பண்ணையில் ஏற்கெனவே இரண்டு மட்டக் குதிரைகள் இருக்கின்றன. புதிய குதிரைக்குக் கிளாண்டர்ஸ் இல்லை என்ற சான்றிதழ் தருகிறார்கள். நேராக லாயத்தில் கட்டலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கட்டக் கூடாது. அந்தத் திருவிளையாடலின் பின்பாதியில், இரவில் மீண்டும் நரிகளான புதிய குதிரைகள், லாயத்தில் முன்பே இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொன்றுவிட்டுத்தான் ஓடுகின்றன.

கிளாண்டர்ஸ் பாக்டீரியாவால் வரும் நோய். மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக் கூடியது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்கு உடனே தெரிவிக்கப்பட வேண்டிய நோய் இது. உறுதியானால் குதிரைக்குச் சிகிச்சை கிடையாது, கருணைக்கொலைதான். சான்றிதழ் சொல்வது இரத்தம் எடுத்த அன்றைய நிலையை மட்டுமே. அதன் பிறகு குதிரை சந்தையில் நின்றிருக்கிறது, பொதுத்தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கிறது, வேறு குதிரைகளோடு லாரியில் வந்திருக்கிறது. எனவே சான்றிதழின் தேதியையும் அதிலுள்ள அடையாளங்களையும் சரிபாருங்கள். நெற்றிச்சுட்டியும் கால் வெள்ளையும் மைக்ரோசிப் எண்ணும் பொருந்தாத சான்றிதழ் வேறு குதிரையுடையது.

வந்த குதிரையைக் குறைந்தது முப்பது நாள் தனி இடத்தில், தனி வாளி, தனி தூரிகை, இயன்றால் தனி ஆளோடு வையுங்கள். காலையும் மாலையும் உடல் வெப்பத்தைக் குறித்து வாருங்கள்; ஓய்வாக நிற்கும் குதிரைக்கு 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறினால் மருத்துவரை அழையுங்கள். தாடைக்குக் கீழே கட்டி வீங்கி மூக்கில் சீழ் வடியும் தொண்டை நோய் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தலைகாட்டும். ஒட்டகங்கள் மிகுந்த பகுதியிலிருந்து வந்ததென்றால், ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தனிமைக்காலம் முடியும்போது கிளாண்டர்ஸ் பரிசோதனையை மறுபடி ஒரு முறை செய்வது நல்லது.

கேள்வி: வந்த நாளிலிருந்தே கொள்ளு வேகவைத்துத் தரலாமா?
(வாசகர், சிவகங்கை)

பதில்: 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனதாகவும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்றும், வெந்த சோற்றில் இறைச்சி கலந்து குதிரைக்குப் போட்டதாகவும் எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் கேட்பது கொள்ளுதான், நல்ல தீனிதான். ஆனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக நாள் பிடிக்கும். திடீரென மாற்றினால் வயிற்றுவலி வந்து, சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

அங்கே என்ன தின்றது, எத்தனை வேளை, எந்த அளவு என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். அதே உலர்தீவனத்தையும் தானியத்தையும் பத்து நாளுக்குப் போதுமான அளவு லாரியிலேயே ஏற்றி வாருங்கள். முதல் மூன்று நாள் அந்த உலர்தீவனமும் தண்ணீரும் மட்டும் போதும். நான்காம் நாளிலிருந்து பழைய தானியத்தைச் சிறிது சிறிதாகத் தொடங்கி, அதில் ஒரு கைப்பிடியைக் குறைத்து ஒரு கைப்பிடி கொள்ளைச் சேருங்கள். சோளத்தட்டையும் பச்சைப் புல்லையும் அதே போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சாணம் கெட்டியாகவோ தண்ணீராகவோ மாறினால், அன்றைய அளவிலேயே இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். இன்னொன்று: லாடம் கட்டுபவர் உங்கள் ஊரில் கிடைப்பாரா என்பதைக் குதிரை வரும் முன்பே விசாரித்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை அவர் வேண்டியிருப்பார்.