வாசகர் கேள்வி: ரோமானியத் தளபதிகளும் கிரேக்க அறிஞர்களும்

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர்: மலையமானின் பிள்ளைகளை யானைக்கு இடவிருந்த கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் பாடித் தடுத்தார் என்று புறநானூற்றில் படிக்கிறோம். ரோமானியப் படைத்தலைவர்களுக்கும் அவ்வாறு அறிவுரை சொல்வோர் இருந்தார்களா?

இருந்தார்கள். ஆனால் அவர்களுள் புகழ்பெற்றோர் பலர் ரோமானியர் அல்லர். ரோமின் வாளுக்கு அடங்கிப்போன கிரேக்க நகரங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் முதலில் வைத்துப் பேசவேண்டியவர் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். கி.மு. 168இல் பிட்னாப் போரில் எமிலியுஸ் பாலுஸ் மாசிடோனிய அரசனை வென்ற பிறகு, ரோமுக்கு முழு மனத்துடன் துணைநிற்கவில்லை என்ற ஐயத்தின் பேரில் கிரேக்க நகரங்களின் அணியான அக்கேயக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஆயிரம் பேர் இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களுள் ஒருவராகச் சென்ற பொலிபியஸ் பிணைக்கைதியே அன்றி விருந்தாளி அல்லர். தோற்ற அரசனின் நூலகத்தை எமிலியுஸ் தம் மகன்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். இளைய மகன் சிப்பியோ எமிலியானுஸுக்கும் தமக்கும் இடையிலான நட்பு நூல்களை இரவல் தந்து அவற்றைப் பற்றி உரையாடியதில் தொடங்கியதாகப் பொலிபியஸே எழுதியிருக்கிறார். பேசும்போதெல்லாம் அண்ணனையே நோக்கிப் பேசுகிறீர்களே, என்னையும் மந்தமானவன் என்று எண்ணுகிறீர்களா என்று ஏறத்தாழ 18 வயதிலிருந்த சிப்பியோ முகம் சிவந்து கேட்டதையும், அந்த இளைஞனுக்குத் துணையிருப்பதாகத் தாம் வாக்களித்ததையும் அவர் குறித்துவைத்த பகுதி, பழைய வரலாற்று நூல்களில் நான் மிகவும் மதிக்கும் பகுதிகளுள் ஒன்று.

கி.மு. 146இல் சிப்பியோ வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜை எரித்தபோது பொலிபியஸ் அருகில் இருந்தார். எரியும் நகரைக் கண்டு கண்ணீர் விட்ட தளபதி, டிராயின் அழிவைப் பற்றிய ஹோமரின் வரிகளைச் சொல்லி, ரோமுக்கும் இப்படி ஒரு நாள் வரக்கூடும் என்று அஞ்சினார். கோவூர் கிழாரைப் போலப் பொலிபியஸ் அந்த அழிவைத் தடுத்தாரா என்றால், இல்லை. கார்த்தேஜின் முடிவை ரோமானியச் செனட் தீர்மானித்திருந்தது. அதே ஆண்டில் கொரிந்து நகரும் அழிக்கப்பட்டபோது, தோற்ற அக்கேயத் தலைவர் டியாயுஸின் உடைமைகளிலிருந்து தமக்குக் கொடுக்க முன்வந்ததை அவர் மறுத்ததுடன், ஏலத்தில் எதையும் வாங்கவேண்டாம் என்று தம் நண்பர்களுக்கும் அறிவுறுத்தினார். பின்னர் கிரேக்க நகரங்களுக்குப் புதிய ஒழுங்கு அமைக்கவும் உழைத்தார். அவரை முதலிடத்தில் வைப்பதற்கு எனக்கு இதுவே காரணம்.

புதுச்சேரி, இலாசுப்பேட்டை வாசகி ஒருவர்: இத்தகைய ஆலோசகர்களின் சொல்லால் தீமை விளைந்ததும் உண்டா?

உண்டு. மிட்டிலீன் நகரத்துத் தியோபனீஸ், ரோமானியத் தளபதி பொம்பேயுஸின் கிழக்குப் போர்களை வரலாறாக எழுதியவர். படைவீரர்கள் முன்னிலையில் பொம்பேயுஸ் அவருக்கு ரோமானியக் குடியுரிமை வழங்கினார். ரோமை எதிர்த்த போன்டஸ் அரசன் மித்ரிடாட்டீஸின் பக்கம் சேர்ந்ததால் உரிமை இழந்திருந்த மிட்டிலீன், கி.மு. 62இல் அவர் பொருட்டே அதைத் திரும்பப் பெற்றது. கி.மு. 48இல் பார்சலுஸில் சீசரிடம் தோற்ற பொம்பேயுஸ் கிழக்கிலிருந்த பார்த்தியப் பேரரசில் அடைக்கலம் தேட எண்ணியபோது, மூன்று நாள் கடல் தொலைவிலுள்ள எகிப்துக்குச் செல்லுமாறு வற்புறுத்தியவரும் அவரே என்கிறார் புளூட்டார்க். எகிப்தியக் கரையில் இறங்கும்போதே பொம்பேயுஸ் கொல்லப்பட்டார். அது தவறிப்போன கணிப்பு என்று விட்டுவிடலாம்.

அலெக்சாந்திரியாவின் ஏரியஸ் செய்ததை அப்படி விட்டுவிட என்னால் இயலவில்லை. கி.மு. 30இல் அந்நகரைக் கைப்பற்றிய ஆக்டேவியன் (பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ்), ஊரார் காணும்படி இந்தத் தத்துவ அறிஞரின் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். அலெக்சாந்தர் நிறுவியது, அழகிய நகரம், என் தோழர் ஏரியஸின் ஊர் ஆகிய மூன்று காரணங்களுக்காக இதை மன்னிக்கிறேன் என்று அறிவித்தார். ஒரு நகரத்தையே காத்த அதே செல்வாக்கு அடுத்து ஓர் உயிரைப் பறிக்கவும் பயன்பட்டது. கிளியோபாட்ராவுக்கும் சீசருக்கும் பிறந்தவனாகக் கருதப்பட்ட சீசரியோனை என்ன செய்வது என்று ஆக்டேவியன் தயங்கியபோது, சீசர்கள் பலர் இருப்பது நல்லதன்று என்று ஏரியஸ் சொல்ல, ஏறத்தாழ 17 வயதான அந்த இளைஞன் கொல்லப்பட்டான். எதிரியின் பிள்ளைகள் பிழைக்கவேண்டும் என்று வேந்தனின் முகத்துக்கு நேரே பாடிய கோவூர் கிழாரை ஏரியஸுக்கு அருகில் நிறுத்திப் பார்த்தால், மெய்யான அறிவுரை எவருடையது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

அரியாங்குப்பம் வாசகர் ஒருவர்: அரிக்கமேட்டு வணிகத்துக்கும் இந்த அறிஞர்களுக்கும் தொடர்பு உண்டா?

நேரான தொடர்பு இல்லை. அங்கே கிடைத்த மதுச்சாடிகளும் இத்தாலிய மட்பாண்டங்களும் வணிகத்தின் தடயங்கள். ஆனால் இந்தியாவுடனான கடல்வணிகம் பெருகியதைப் பதிவுசெய்தவர், ரோமின் சார்பில் எகிப்தை ஆண்ட ஏலியுஸ் காலுஸின் நண்பராக நைல் நதியில் உடன் பயணம் செய்த கிரேக்க அறிஞர் ஸ்டிராபோ. அரேபியாவின்மீது படையெடுத்த தளபதி காலுஸ். செங்கடலின் எகிப்தியக் கரையிலிருந்த மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்டிராபோ எழுதுகிறார். அகஸ்டஸுக்குப் பரிசுகளுடன் தூதனுப்பிய இந்திய அரசர் பாண்டியன் என்றும், வேறு சிலர் போரஸ் என்கிறார்கள் என்றும் குறித்தவரும் அவரே.