கோத்தகிரி அப்பாவுக்கு: தோட்டத்தை விற்க வேண்டாம்

போன சனிக்கிழமை கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தது. மகள் இரண்டு முறை நீட் எழுதியும் மதிப்பெண் போதவில்லை. இரண்டு ஏக்கர் தேயிலையை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் மருத்துவம் சேர்க்கச் சொல்லித் தாய்மாமா நெருக்குகிறாராம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கவலைப்படாதீர்கள் என்று இரண்டு நிமிடம் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன்.

ஐயா, தோட்டத்தைத் தொடாதீர்கள். முதல் வருடக் கட்டணத்துக்கே அது போய்விட்டால் மிச்ச வருடங்களுக்கு எதை விற்பீர்கள்? மாமா தருவாரா? நர்சிங், பார்மசி, பொறியியல் பற்றியெல்லாம் ஊரே சொல்லியிருக்கும், அதை விடுகிறேன்.

உங்கள் மகள் வாயே திறக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பள்ளிக் கண்காட்சிக்காகத் தேயிலைச் செடியடி மண்ணை நீரில் கரைத்து ஸ்டார்ச் அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டு) பரப்பியிருக்கிறாள். "மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் வெள்ளை, சுண்ணாம்புப் பொடி மாதிரி. ஒன்பதாம் நாள் சாம்பல். அடிப்பக்கம் பழுப்பு. ஊசியால் எடுத்தால் வரமாட்டேன் என்கிறது. மழை வாசனை." (தட்டை முகர்ந்தது தப்பு, அதைச் சொல்லிவிட்டேன்.)

அது அநேகமாக ஸ்ட்ரெப்டோமைசிஸ். மண்வாசனை தரும் ஜியோஸ்மினை உண்டாக்கும் பாக்டீரியா. 1943இல் வாக்ஸ்மன், ஹென்ரிசி இருவரும் அந்தப் பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுப்புக்கு) ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் அதில் ஒரு வகையிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாட்டிக் அதுதான்.

இவற்றை வகைப்படுத்துவதே ஒரு தனித் துறை. மேல்நிறம், அடிநிறம், வித்துச் சங்கிலி நேரா சுருளா என்று பார்ப்பதில் தொடங்குகிறது. உங்கள் மகள் பாதியை எழுதியேவிட்டாள். பிறகு செல்சுவரின் வேதியியல், பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு, முழு மரபணுத் தொகுதி. ஏற்கெனவே தெரிந்த இனங்களோடு முழு மரபணுத் தொகுதியின் ஒற்றுமை சுமார் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் புது இனமாக இருக்கலாம். லத்தீன் முறையில் பெயர் வைத்து, மாதிரியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். சண்டிகரில் அப்படி ஒன்று இருக்கிறது. வைத்த பெயரும் நிலைக்காது. ரிஃபாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தரும் பாக்டீரியா 1950களில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்றே பதிவானது. பின்பு நோகார்டியா என்ற வேறு பேரினத்துக்கு மாறியது. நோகார்டியாவின் செல்சுவருக்குரிய மைக்கோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதில் இல்லாததால் 1986இல் அமைகோலடாப்சிஸ் என்று மாற்றினார்கள். இப்படிப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிற புத்தி உங்கள் வீட்டில் இருக்கிறது.

பி.எஸ்சி. நுண்ணுயிரியல் அரசுக் கல்லூரியில் படித்தால் செலவு குறைவு. அப்புறம் எம்.எஸ்சி., சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி. மூன்றாம் வருடமே வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். பல வருடம் பிடிக்கும். கிருமிப் படிப்புக்கு என்ன மரியாதை என்று மாமா கேட்டால், தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இலிருந்து நம் மலையிலேயே இருப்பதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் தடவை நீட்டுக்குப் பணம் கட்டுமுன் அவளிடம் ஒருமுறை கேளுங்கள். மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.