லேயிலிருந்து போர்ட் பிளேயருக்கு நான்கு மணி நேரமா?

கேள்வி: லடாக்கில் உள்ள லேயில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் அந்தமானின் போர்ட் பிளேயருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மாற்றல். மனைவி, மூன்று வயதுக் குழந்தையோடு போகிறேன். இணையத்தில் தூரம் 2,940 கி.மீ., விமான நேரம் 4 மணி 10 நிமிடம் என்று இருக்கிறது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமா? ஏஜெண்ட் ஒருவர் ஒரே நாளில் போகிற மாதிரி மலிவாக டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: மதியச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். இரண்டு ஊருக்கும் நேரடி விமானமே கிடையாது. இந்த இணையதளங்கள் வரைபடத்தில் நேர்கோடு இழுத்து, மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துச் சொல்கின்றன. அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

நீங்கள் போகக்கூடிய வழி லே, டெல்லி, கொல்கத்தா, போர்ட் பிளேயர். சுமார் 3,230 கி.மீ. ஆகாயத்தில் மட்டும் ஆறு மணி நேரத்துக்குப் பக்கம். கொல்கத்தாவுக்குப் பதில் சென்னை வழியாகவும் போகலாம், தூரம் இன்னும் கூடும்.

லே விமான நிலையம் பத்தாயிரம் அடிக்கு மேல், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலிந்து விமானத்தால் பாரம் தூக்க முடியாது, மதியத்துக்கு மேல் பலத்த காற்று வேறு. அதனால்தான் பெரும்பாலான விமானங்களைக் காலையிலேயே முடித்துவிடுகிறார்கள். ஒன்று ரத்தானால் பெரும்பாலும் மறுநாள்தான். போர்ட் பிளேயர் ஓடுபாதை கடற்படையின் கையில் இருக்கிறது, அங்கேயும் விமானங்கள் பெரும்பாலும் பகலில்தான்.

இனி உங்கள் ஏஜெண்ட். மலிவு என்றால் அவர் போடுவது அநேகமாக இரண்டு தனித்தனி டிக்கெட். "கனெக்டிங்தான் சார்" என்பார். பிஎன்ஆர் எண் (முன்பதிவு எண்) இரண்டு இருந்தால் அது கனெக்டிங் இல்லை. டெல்லியில் பெட்டியை எடுத்து, தேவைப்பட்டால் டெர்மினலும் மாறி, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். லே விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்காரனுக்கு நீங்கள் வெறுமனே வராத பயணி. காசு போச்சு. முதல் விமானக்காரன் வானிலை என்பான், வானிலைக்கு இழப்பீடு இல்லை என்று விதியே சொல்கிறது. பயணியைத் தவிர எல்லோருக்கும் வசதியான விதி! ஏஜெண்ட் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

தனித்தனி டிக்கெட்டே கூடாது என்று சொல்லவில்லை. நடுவில் ஓர் இரவு இருந்தால் பரவாயில்லை. இரவு என்றால் முழு இரவு: இன்று காலை லேயில் ஏறி, டெல்லியில் தங்கி, நாளை அடுத்த விமானம். ராத்திரி பதினொரு மணிக்கு டெல்லியில் ஏறி, விடிய விடிய கொல்கத்தா நாற்காலியில் உட்காருவது இந்தக் கணக்கில் வராது. லேயில் மேகம் கவிந்து விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் இந்த ஏற்பாடும் கவிழும், அதனால் இரண்டாவது டிக்கெட்டாவது தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

சரி, என்ன செய்யலாம்? ஒரே நிறுவனத்தில் ஒரே பிஎன்ஆரில் கடைசி ஊர் வரை எடுங்கள். அப்போது இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. பணியில் சேரும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். பணம் கொடுக்கும் முன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, மூன்று விமானத்துக்கும் ஒரே பிஎன்ஆர்தானா என்று எண்ணை ஒப்பிடுங்கள். லே கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் டெல்லி என்று இல்லாமல் போர்ட் பிளேயர் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.