பின்கதவின் சாவி மேஸ்திரியிடம்

கேள்வி: நான் ஒரு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிறேன். பருப்பு திருடு போகுமாம், அதனால் வேலை நேரம் முழுக்கப் பின்கதவு பூட்டுதான், சாவி மேஸ்திரி இடுப்பில். மாடிப்படியிலும் சாக்கு அடுக்கியிருக்கிறது. இதைச் சட்டம் அனுமதிக்கிறதா?
*– ஒரு வாசகி, கருங்கல்*

பதில்: இல்லவே இல்லை. தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் எல்லோரும் பத்திரமாக வெளியேற வழி இருக்க வேண்டும், அந்த வழி எது என்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பயிற்சியும் கொடுத்திருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவே சொன்னது. தொழிலகப் பாதுகாப்புக்கான 2020 தொகுப்புச் சட்டம் வந்த பிறகும் முதலாளிக்கு அந்தப் பொறுப்பு தீரவில்லை. வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமலே திறக்க முடிய வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பிறகு மேஸ்திரி இடுப்பில் சாவிக்கு என்ன வேலை?

திருட்டுப் பயம் நியாயமாகவே இருக்கட்டும், அதற்கு வாசலில் ஆள் போட்டுச் சோதிக்கலாம், திறந்தால் மணியடிக்கிற கதவு வைக்கலாம், கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான். உங்கள் இடத்தில் ஆபத்து கூடுதல் வேறு. முந்திரித் தோட்டில் இருக்கிற எண்ணெய் சட்டென்று பற்றும், புகையும் கடுமையாக இருக்கும். தீ பக்கத்தில் வருவதற்குள் புகையே ஆளைச் சாய்த்துவிடும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் போனது பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான், அங்கேயும் பால்கனியில் வழி அடைபட்டிருந்தது.

சரி, எங்கே சொல்வது? தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கு எழுதுங்கள், நகல் ஒன்றைத் தீயணைப்பு நிலையத்துக்கும் கொடுங்கள். நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு நாளிலும் கொடுக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒருத்தரை மட்டும் குறிவைப்பது கஷ்டம், பெயரை வெளியே சொல்லக்கூடாது என்றும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். சாக்கு அடுக்கிய படியை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதிகாரி வருகிற அன்று படி பளபளவென்று இருக்கும்!

கேள்வி: மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம், படி ஒன்றுதான். லிஃப்ட் இருக்கிறதே, தீப்பிடித்தால் வெளியேறும் வழியாக அதையும் சேர்த்துக்கொள்ளலாம்தானே?
*– வாசகர், தக்கலை*

பதில்: கூடாது. கரண்ட் போனால் நடுவழியில் நின்றுவிடும், புகையும் அந்தக் குழி வழியாகத்தான் மேலே ஏறும். இரண்டாவது படி கேட்டுக் கட்டட உரிமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.