துறுதுறுப்பு அடங்கினால் ஏடிஎச்டி போய்விட்டதா?

கேள்வி: தொடக்கநிலை மூன்றில் என் மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு என்றார்கள். உயர்நிலை இரண்டு வரை மருந்து சாப்பிட்டான். ஓட்டமும் துள்ளலும் அடங்கியதும் நிறுத்திவிட்டோம். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்விலும் நன்றாகச் செய்தான். இப்போது 17 வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு. எந்த வேலையையும் நேரத்துக்கு ஒப்படைப்பதில்லை. விடிகாலை மூன்றுக்குத்தான் தூங்குகிறான். அவன் அப்பா சோம்பல் என்கிறார். மூளை 25 வயதில்தான் முழுமையாக வளருமாமே, அதுவரை காத்திருக்கலாமா?
- ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, காத்திருக்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது சோம்பலாகத் தெரியவில்லை. போனது திரும்பி வந்ததாகவும் தெரியவில்லை. துறுதுறுப்பு பதின்ம வயதில் தணிவது வழக்கம். கவனச் சிதறலும் நேரத்தைக் கணிக்க முடியாத தன்மையும் வெளியே தெரியாமல் தங்கிவிடும். உயர்நிலைப் பள்ளியில் மணி அடித்தது, வகுப்பாசிரியர் கேட்டார், வீட்டில் நீங்கள் புத்தகப்பையைப் பார்த்தீர்கள். தொழிற்கல்லூரிக்குப் போனதும் அத்தனையும் ஒரே நேரத்தில் விலகிவிட்டது.

மூளை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கத் தேசிய மனநலக் கழக ஆய்வாளர்கள் 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளையின் மேலடுக்கான புறணியில் பாதிப் பரப்பு உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்குச் சுமார் 7.5, ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு 10.5. திட்டமிடவும் அவசரத்தை அடக்கவும் உதவும் முன்மூளையில்தான் தாமதம் அதிகம். இது அறிவுத்திறனின் அளவுகோல் அல்ல. இவை சராசரிகள், ஸ்கேன் எடுத்து உங்கள் மகனின் நிலையைச் சொல்ல முடியாது. தாமதம் என்பதால் எல்லாருக்கும் தானாகச் சரியாகும் என்றும் எண்ண வேண்டாம். பலருக்குப் பெரியவர்களான பிறகும் அறிகுறிகள் தொடர்கின்றன.

ஆகவே மனத்தில் நிற்காததை வெளியே எழுதி வைப்பதே வழி. அவன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை, கைப்பேசியில் ஒரு நாட்காட்டி, அவ்வளவு போதும். செயலிகளை மாற்றிக்கொண்டே இருந்தால் புதுமை தீர்ந்ததும் எல்லாம் கைவிடப்படும். ஞாயிறு மாலை 20 நிமிடம் இருவரும் உட்கார்ந்து அந்த வாரத்தின் ஒப்படைப்புகளைப் பலகையில் எழுதுங்கள். ‘அறிக்கை எழுது’ என்று எழுதினால் அவனால் தொடங்க முடியாது. ‘கோப்பைத் திறந்து தலைப்பைத் தட்டு’ என்று பத்து நிமிடத்தில் முடியும் முதல் படியை எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் எவ்வளவு நேரமாகும் என்று அவன் நினைப்பதையும், முடித்த பிறகு உண்மையில் ஆன நேரத்தையும் குறிக்கட்டும். சில வாரங்களில் தன் கணிப்பு எவ்வளவு பிசகுகிறது என்று அவனே பார்ப்பான். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, குழு நண்பர் ஒருவருக்கு வரைவை அனுப்புவதாக ஒப்புக்கொள்ளட்டும். யாரும் பார்க்காத கெடுவை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பான்.

முதல் மாதம் நீங்கள் கேளுங்கள், அவன் எழுதட்டும். அடுத்த மாதம் அவனே நடத்தட்டும். பிறகு பலகையை மட்டும் பாருங்கள். நன்றாகப் போகிறதே என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பத்து முறை நினைவூட்டினால் அவன் காதில் விழாது, ‘அடுத்து எது?’ என்று ஒருமுறை கேட்டால் போதும்.

தூக்கத்தைச் சீராக்க, எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். வார இறுதியிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. கைப்பேசி வரவேற்பறையில் சார்ஜ் ஆகட்டும். மதியத்துக்குப் பிறகு காப்பியும் பபிள் டீயும் வேண்டாம்.

பழைய மாத்திரை மிச்சமிருந்தால் கொடுக்கவே கூடாது. முன்பு பார்த்த மருத்துவமனையின் அறிக்கையுடன் பலதுறை மருந்தகத்துக்குப் போய், சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மனச்சோர்வு, பதற்றம் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவையும் இப்படியே தோன்றும். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மீதைல்ஃபெனிடேட் என்ற மருந்தை மீண்டும் தொடங்குவதானால் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை மூன்றையும் பார்ப்பார்கள். பசி குறையும் என்பதால் காலையுணவுக்குப் பிறகு கொடுப்பது நல்லது. பிந்திச் சாப்பிட்டால் தூக்கம் கெடும். மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்துக்குக் கவனத்தைத் தரும். திட்டமிடக் கற்றுத் தராது, அதற்குத்தான் பலகை.

கல்லூரியின் சிறப்புத் தேவை ஆதரவு அலுவலகத்தை இந்தப் பருவத்திலேயே அணுகுங்கள். பள்ளியில் கூடுதல் தேர்வு நேரம் கிடைத்திருந்தாலும் அது இங்கே தானாகத் தொடரும் என்று எண்ணாதீர்கள். கேட்டுப் பெற வேண்டும். தேசிய சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையிலும் ஏடிஎச்டியை மறைக்காமல் சொல்லி, அறிக்கைகளின் நகலைக் கையோடு கொண்டுபோகட்டும். அந்த நகல்களை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அவன் தேடிக்கொள்வான் என்று விடாதீர்கள்.